தனியாக இருக்கும் அம்மம்மாவுக்கு ஓர் அவசர அழைப்புப் பொத்தான்: யாழ்ப்பாண வீட்டுக்கு ஏற்ற செய்முறை

பிள்ளைகள் கனடாவில், லண்டனில், சுவிஸில். வளவோடு கூடிய பெரிய வீட்டில் அம்மம்மா மட்டும். உங்கள் ஒழுங்கையிலேயே இப்படி இரண்டு மூன்று வீடுகள் இருக்கும். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்கு எப்படித் தெரியும்? அதற்கான ஏற்பாட்டைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். போனில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பத் தெரிந்தால் போதும்.

வெளிநாடுகளில் இதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால், 24 மணி நேரமும் ஆள் இருக்கும் ஒரு நிலையத்துக்கு அழைப்புப் போகும். அவர்கள் பேசிப் பார்த்து அம்புலன்ஸை அனுப்புவார்கள். மாதக் கட்டணம் உண்டு. மகன் ஆசையாக அந்தப் பெட்டியை அங்கிருந்து கொண்டுவந்தால் இங்கே பெரும்பாலும் பயன்படாது. அது அந்த நாட்டு நிலையத்தையும் சந்தாவையும் நம்பி இயங்குவது. இங்கே அந்த நிலையத்தின் வேலையை அயலவர்தான் செய்ய வேண்டும். ஆகவே முதலில் ஆளைப் பிடிப்போம், பொத்தானைப் பிறகு வாங்குவோம்.

படி 1: யார் வருவார்?

நடந்து ஐந்து நிமிடத்தில் வந்துசேரக்கூடிய மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். சொந்தமா, அயலா என்பது முக்கியமில்லை. "இரவு ரெண்டு மணிக்கு அடிச்சாலும் எழும்பி வருவியளோ?" என்று நேரடியாகக் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள், மரியாதைக்காக ஓம் என்பவரை நம்பிப் பயனில்லை. மூவரில் ஒருவராவது பகலிலும் வீட்டில் இருப்பவராக இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை இந்த மூவரில் சேர்க்க வேண்டாம். இதற்குத்தான் அதிகம் சண்டை வரும். ஆனால் ரொறன்ரோ நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் நிற்கிறது. அங்கே போன் எடுத்தாலும் அவர் திரும்ப இங்கேதான் யாரையாவது அழைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும். வந்து பார்த்தவர் அதில் ஒரு குரல் செய்தி போட்டுவிடுவார்.

படி 2: கேற்றும் கதவும்

வருபவர் உள்ளே எப்படி வருவார்? இரவில் கேற்றில் ஆமைப்பூட்டு, முன்கதவில் உள்கொண்டி, முற்றத்தில் நாய். ஆமைப்பூட்டின் மற்றத் திறப்பு மூவரில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். உள்கொண்டியைப் போடாமல், வெளியிலிருந்தும் திறப்பால் திறக்கக்கூடிய பூட்டை மட்டும் போடப் பழக்குங்கள். கள்ளர் பயம் உண்மைதான், அதனால் நல்ல பூட்டாகப் போடுங்கள். நாய்க்கு அந்த மூவரையும் முன்கூட்டியே பழக்கிவிடுங்கள்.

படி 3: எந்தப் பொத்தான்?

மலிவானது கம்பியில்லா அழைப்பு மணி. கதவில் ஒட்டும் பொத்தானை அம்மம்மாவிடமும், மணியை அடுத்த வீட்டிலும் வைப்பது. சிம் வேண்டாம், மாதச் செலவு இல்லை. பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் திறந்த வெளிக்கானது. சுவர்கள் குறுக்கிட்டால் நன்றாகக் குறையும், அதனால் கடையில் திருப்பித்தரலாமா என்று கேட்டு வாங்குங்கள். சுவர்ச் செருகியில் மாட்டும் மணி கரண்ட் போனால் ஊமையாகிவிடும். பற்றரியில் ஓடும் மணியைக் கேளுங்கள். அடுத்த வீடு ஒட்டி இருந்தால் எனக்குப் பிடித்தது இதுதான்.

அடுத்த வீடு எட்டமென்றால் சிம் போடும் கழுத்துப் பொத்தான். அழுத்தினால் நீங்கள் பதிந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக அழைக்கும், அதிலேயே பேசலாம். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: 4ஜி வலையமைப்பில் குரல் அழைப்பு எடுக்குமா, உங்கள் வீட்டில் எந்தக் கம்பனியின் சிக்னல் நன்றாக இருக்கிறது, நீர் புகாமைக்கு ஐபி67 என்று போட்டிருக்கிறதா. குளிக்கும்போது கழற்ற வேண்டிய பொத்தானால் பாதிப் பயனும் போய்விடும்.

விழுந்தால் தானாகவே அழைக்கும் வசதி சிலவற்றில் உண்டு. அதை மேலதிக வசதியாக மட்டும் நினையுங்கள். கட்டிலில் இருந்து மெதுவாகச் சறுக்கி விழுவது அதற்குத் தெரியாமல் போகலாம்; பொத்தானைத் தரையில் போட்டால் வீணாக அலறலாம். சிசிடிவி கமரா இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். யாரோ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தானே!

படி 4: சிம்மைத் தயார் செய்தல்

சிம் பொத்தான் வாங்கியவர்கள் இங்கே அவசரப்பட வேண்டாம்.

முதலில் சிம்மை ஒரு சாதாரண போனில் போட்டு, சிம்முக்கு PIN எனும் இரகசிய இலக்கப் பூட்டு இருந்தால் அதை நீக்குங்கள். பூட்டு இருந்தால் பொத்தான் வலையமைப்பில் சேராது. பிறகு பொத்தானில் போட்டு, கையேட்டில் உள்ள மாதிரி எஸ்எம்எஸ் அனுப்பி மூன்று இலக்கங்களையும் பதியுங்கள். கட்டளை ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். இலக்கத்தை நாட்டுக் குறியீட்டோடு போடுவது நல்லது: தொடக்கத்துச் சுழியத்தை எடுத்துவிட்டு +94 சேர்க்க வேண்டும். 077 என்பது +9477 ஆகும்.

அடுத்து, மூவரின் போன்களையும் கையில் வாங்குங்கள். வொயிஸ் மெயில் இருந்தால் நிறுத்துங்கள். முதலாமவர் எடுக்காமல் வொயிஸ் மெயில் எடுத்தால், ஆள் பேசுகிறார் என்று நினைத்துப் பொத்தான் அடுத்தவரை அழைக்காமல் நின்றுவிடக்கூடும். பொத்தானின் இலக்கத்தை 'அம்மம்மா அவசரம்' என்று சேமித்து, தனி ரிங்டோன் கொடுத்து, போன் சைலன்ட்டில் இருந்தாலும் அந்த இலக்கம் மட்டும் ஒலிக்கும்படி அமையுங்கள்.

முற்கொடுப்பனவு சிம் என்றால் காசு போடாமல் விட்டால் செயலிழந்துவிடும். ரீலோட் பொறுப்பை வெளிநாட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். அங்கிருந்தே செய்யலாம், அவருக்கும் ஒரு திருப்தி.

படி 5: எங்கே, எப்போது

இரவில் கழற்றி மேசையில் வைப்பதுதான் வழக்கம். ஆனால் கழிப்பறைக்கு எழும்பும்போது விழுவதும் இரவில்தான். அதனால் சார்ஜ் போடுவது மாலையில், ரிவியில் நாடகம் பார்க்கும் நேரத்தில், கதிரைக்குப் பக்கத்தில். படுக்கும்போது மறுபடி கழுத்தில். தாலிக்கொடியோடு சேர்த்துக் கோர்க்காதீர்கள். இழுபட்டால் தானாகக் கழன்றுவிடும் தனிக் கயிறாக இருக்கட்டும்.

மணி வகை என்றால் கூடுதல் பொத்தான் ஒன்று வாங்கிக் குளியலறையில் ஒட்டுங்கள். நிற்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் அல்ல, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில். விழுந்து கிடப்பவரின் கை அங்கேதான் எட்டும். கிணற்றடியில் குளிப்பவர் என்றால் அங்கேயிருந்தும் மணி ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

"எனக்கு என்ன வருத்தம், இது எதுக்கு?" என்று அம்மம்மா கேட்பார். அவரிடம் கேட்காமல் வாங்கிக் கழுத்தில் மாட்டினால் அலுமாரிக்குள்தான் போகும். நிறம், கயிறு, யாரை முதலில் அழைப்பது எல்லாவற்றையும் அவரே தீர்மானிக்கட்டும்.

படி 6: ஒரு தாள்

முன்கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். பெயர், வயது, என்னென்ன வருத்தம், என்னென்ன குளிசை, எது ஒத்துக்கொள்ளாது, கிளினிக் கொப்பி எந்த லாச்சியில் இருக்கிறது. வார்பரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை எடுப்பவர் என்றால் அதைச் சிவப்பில் எழுதுங்கள். தலையில் அடிபட்டால் வைத்தியர் முதலில் அறிய வேண்டியது அது.

தாளின் மேலே பெரிதாக 1990. சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 யூலையில் வடக்குக்கும் வந்தது. அதற்குக் கீழே வழி சொல்லும் வசனத்தை அப்படியே எழுதிவையுங்கள்: எந்த வீதி, எந்தக் கோயில் அல்லது சனசமூக நிலையத்துக்குப் பக்கத்து ஒழுங்கை, எத்தனையாவது கேற், என்ன நிறம். பதற்றத்தில் சொந்த ஊர்க்காரருக்கே வழி சொல்ல வராது. ஒழுங்கை ஒடுக்கமென்றால், மூவரில் ஒருவர் முகப்பில் ரோர்ச்சோடு நிற்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

விழுந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவேண்டாம் என்பதையும் அந்த மூவரிடம் சொல்லுங்கள். இடுப்பு வலித்தால், ஒரு கால் கட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால், போர்வை போட்டு அப்படியே படுக்கவிட்டு 1990 ஐ அழைப்பதுதான் சரி. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ ஓட்டோ தேடி நிற்காமல் உடனே அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். கடைசியாக அவரை நன்றாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்பதையும் கேட்பார்கள்.

படி 7: ஒத்திகை

போயா நாளில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், மாதத்துக்கு ஒன்று வரும். அதையே ஒத்திகை நாளாக வையுங்கள். அழுத்துவது நீங்கள் அல்ல, அம்மம்மா. பல பொத்தான்களை மூன்று விநாடி அளவில் அழுத்திப் பிடிக்க வேண்டும். விரல் நடுங்குபவருக்கு அது முடிகிறதா என்று பாருங்கள். ஒருமுறை குளியலறையிலிருந்து, ஒருமுறை மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு. முதலாமவரை வேண்டுமென்றே போன் எடுக்காமல் இருக்கச் சொல்லி, இரண்டாமவருக்கு அழைப்புப் போகிறதா என்றும் பாருங்கள். 1990 ஐ மட்டும் ஒத்திகைக்கு அழைக்காதீர்கள்.

மூவரில் ஒருவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறார் என்றால், அவர் பயணப்படும் முன்பே திறப்பை வாங்கிப் புதியவரிடம் கொடுத்து, பொத்தானிலும் தாளிலும் இலக்கத்தை மாற்றி, அன்றே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.