சுங்கை சிப்புட் தோட்டத்துக்கு வந்திருக்கிறீர்களா? செய்தி கிடைக்கும் இடங்கள்

மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது சுங்கை சிப்புட். செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்தில் சிம் கார்டு எங்கே, அரிசி எங்கே என்று கேட்கிறார்கள். செய்தி யாரிடம் கிடைக்கும் என்று கேட்பதில்லை. அதையும் கேளுங்கள்.

டவுனில் தமிழ் நாளிதழ்கள் கிடைக்கும். ஆனால் 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-இல் நின்றுவிட்டது. தோட்டத்துச் செய்தி எப்போதும் வாய்வழிதான். எந்த நிரையில் வேலை, லாரி எத்தனை மணிக்கு என்பதைக் காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்வார். சம்பளக் கணக்கைத் தோட்ட எழுத்தரான கிராணியிடமே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பாதிதான் சரியாக இருக்கும். தண்ணீர் வெட்டு, துக்கச் செய்தி, திருவிழா எல்லாம் மாரியம்மன் கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். வேலை முடிந்து வந்ததும் மின்னல் எஃப்எம் வையுங்கள். அரசாங்க வானொலி என்பதால் மழை, வெள்ளம், பொது விடுமுறை பற்றிய அறிவிப்புகளைத் தமிழிலேயே கேட்கலாம்.

எனக்குப் பயம் தருவது குரல் பதிவுகள். எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த தம்பி ஒருவனுக்கு, "பெர்மிட் புதுப்பிக்க நாளைதான் கடைசி நாள், இன்றே பணம் போடுங்கள்" என்று ஒன்று வந்தது. நல்ல தமிழ், அண்ணன் பேசுவதுபோல் கனிவான குரல். 1,500 வெள்ளி (ரிங்கிட்) போட்டான். மறுநாள் அந்த எண் எடுபடவில்லை. ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அது. அவன் அழுததை நான் மறக்கவில்லை. வேலை பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பது முதலாளிதான். அதற்கென்று பணம் கேட்டு வரும் எந்தக் குரலையும் நம்பாதீர்கள். முதலில் தோட்ட ஆபீசில் போய்க் கேளுங்கள்.

சந்தேகமான செய்தியைச் சரிபார்க்க, 2017 முதல் தொடர்பு பல்லூடக ஆணையம் நடத்தும் 'செபெனார்ஞா' இணையத்தளம் இருக்கிறது. மலாய் தெரியாவிட்டால், அதே ஆணையம் 2025-இல் தொடங்கிய 'ஐஃபா' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் வாட்ஸ்அப்பில் தமிழிலேயே கேட்கலாம். சரிபார்க்காமல் எதையும் ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு பொய்த்தகவலை இணையத்தில் பரப்புவது இங்கே 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டப்படி குற்றம்.

கோயில் குழுவில் சேர வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் போங்கள். தலைவரிடம் பெயரையும் எண்ணையும் கொடுத்தால் அன்றிரவே சேர்த்துவிடுவார்.