தொண்ணூறை நெருங்குபவருக்கு அவசரப் புற்றுநோய் ஆபரேஷன்: வீட்டார் சறுக்கும் இடங்கள்

மிகவும் வயதானவருக்குப் புற்றுநோய்க்காக அவசர ஆபரேஷன் என்றால், பெரும்பாலும் அது பெருங்குடல் கட்டிதான். கட்டி குடலை அடைத்திருக்கும், அல்லது குடல் ஓட்டையாகியிருக்கும்.

சறுக்கல் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. நான்கு நாளாக மலம் போகவில்லை, வயிறு உப்பியிருக்கிறது. "இந்த வயசில் மலச்சிக்கல் சகஜம்" என்று பேதி மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வாயுவும் பிரியாமல், வாந்தியும் சேர்ந்தால் அது அடைப்பு. பேதி மருந்து ஆபத்து. "காய்ச்சல் இல்லையே" என்பதும் ஆறுதல் இல்லை. முதியவர்களுக்குக் குடல் கிழிந்தாலும் காய்ச்சலோ கடும் வலியோ இல்லாமல் போகலாம்; திடீர்க் குழப்பப் பேச்சு மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

அடுத்தது, வயதை மட்டும் வைத்து முடிவெடுப்பது. "எண்பத்தெட்டு ஆச்சு, விட்டுடுங்க" என்பதும் தவறு, "எவ்வளவு ஆனாலும் எல்லாம் செய்யுங்க" என்பதும் தவறு. மருத்துவர்கள் பயன்படுத்தும் தளர்ச்சி அளவுகோல் ஒன்று 1 முதல் 9 வரை போகும். அதில் கணக்கில் எடுப்பது இன்று ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் நிலையை அல்ல, நோய் முற்றுவதற்கு முன், சுமார் இரண்டு வாரத்துக்கு முந்தைய நிலையை. தானே குளித்தாரா, மாடி ஏறினாரா, மாத்திரையைத் தானே எடுத்துக்கொண்டாரா? இதைச் சொல்லக்கூடியவர் கூடவே வாழ்ந்தவர். ஆனால் மருத்துவரிடம் பேசுவதோ, பல வீடுகளில், ஆறு மாதமாகப் பார்க்காமல் அன்று காலையில் வந்து இறங்கிய மகன்.

ஆபரேஷன் என்றாலே கட்டியை முழுதாக அகற்றுவது என்ற எண்ணமும் வேண்டாம். அடைப்புக்கு மேலே குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டு, மலம் சேரும் பை பொருத்துவது சிறிய ஆபரேஷன். சிலருக்கு உள்ளே ஸ்டென்ட் எனும் விரியும் வலைக்குழாய் வைத்தே வழி திறக்கலாம். "பை வேண்டாம், சேர்த்துத் தைச்சிடுங்க" என்று அடம்பிடிப்பவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தத் தையல் கசிந்தால், இரண்டாவது ஆபரேஷனைத் தாங்கும் தெம்பு அந்த உடம்பில் இருக்குமா என்பதுதான் கேள்வி. கட்டியை அகற்றிவிட்டுப் பை வைக்கும் ஹார்ட்மன் முறை 1921 முதல் இருக்கிறது. பையைப் பிறகு எடுத்துவிடலாம் என்பார்கள். மிக முதியவர்களில் பலருக்கு அது கடைசிவரை இருந்துவிடுகிறது. இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குடல் ஓட்டையானால் தாமதம் கூடாது. வெறும் அடைப்பென்றால் நீரிழப்பையும் பொட்டாசியத்தையும் சரிசெய்யச் சில மணி நேரம் எடுப்பார்கள். அது அலட்சியம் இல்லை. அந்த நேரத்தில் வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை அப்படியே அள்ளிக்கொண்டு வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்ல மறந்தால் மேசையில் ரத்தப்போக்கு.

நோயாளியிடம் மறைப்பதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. தெளிவாக இருப்பவரிடம் கேட்காமல், வெண்டிலேட்டர் வரை போவதா என்பதை வராந்தாவில் நின்று மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள். மயக்க மருந்துக்கு முன் அவரிடமே கேளுங்கள். பிறகு கேட்க வாய்ப்பு வராமலும் போகலாம்.

ஆபரேஷன் முடிந்த இரவுகளில் அவர் பிதற்றலாம், குழாயைப் பிடுங்கலாம். உடனே தூக்க மாத்திரை கேட்காதீர்கள், சிலவகை மாத்திரைகள் குழப்பத்தைக் கூட்டும். வலி, சிறுநீர் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காதுக் கருவியும் கண்ணாடியும் பெரும்பாலும் வீட்டு அலமாரியில்தான் கிடக்கும். எடுத்து வந்து மாட்டிவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.