வகுப்போடு கத்தோலிக்கத் தேவாலயம் போகிறீர்களா?

பங்குத்தந்தையிடம், அதாவது அந்தத் தேவாலயத்தின் பொறுப்புக் குருவிடம், முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பலி (பூசை), திருமணம், அடக்கச் சடங்கு எதுவும் இல்லாத வேளையாகப் பார்த்துப் போனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

உள்ளே போனதும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பிரசங்கம் பண்ணினால் ஐந்தே நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். அதைவிட, தேட விடுங்கள். "இந்த வருஷத்தோட நம்பர் எங்கேயோ எழுதியிருக்கு, கண்டுபிடிங்க பார்க்கலாம்!" அது பாஸ்கா திரியில் இருக்கும். அந்தப் பெரிய மெழுகுத்திரியில் சிலுவையும், கிரேக்க எழுத்து வரிசையின் முதல், கடைசி எழுத்துகளான ஆல்பா, ஒமேகாவும், நான்கு இலக்கமாக நடப்பு ஆண்டும் பொறித்திருப்பார்கள். உயிர்ப்புக் காலம் (ஈஸ்டரைத் தொடர்ந்து வரும் வாரங்கள்) முடிந்தபின் பெரும்பாலும் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கும் தொட்டி பக்கத்தில் நிற்கும்.

அடுத்து, சுவரில் உள்ள சிலுவைப்பாதை நிலைகளை, அதாவது இயேசுவின் சிலுவைப் பயணத்தைக் காட்டும் படங்களை அல்லது சிற்பங்களை, எண்ணச் சொல்லுங்கள். 14 வர வேண்டும். 13 என்று ஒருவன் அடித்துச் சொல்வான், தூணுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கும்!

நற்கருணைப் பேழை (இயேசுவின் உடலாகக் கத்தோலிக்கர் போற்றும் அப்பமாகிய நற்கருணையை வைக்கும் பெட்டி) அருகே எரியும் விளக்கை மறக்காமல் காட்டுங்கள். அது எரிந்தால் உள்ளே நற்கருணை இருக்கிறது என்று அர்த்தம். கத்தோலிக்கப் பிள்ளைகள் அங்கே முழங்காலிடுவார்கள். மற்றவர்கள் அமைதியாக நின்றாலே போதும், கட்டாயப்படுத்த வேண்டாம்.

பீடத்தை, அதாவது குரு திருப்பலி நிறைவேற்றும் மேசையை, தொடக்கூடாது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போனபிறகு சொன்னால், அதற்குள் யாராவது தொட்டிருப்பார்கள்.