ஒரு பழைய கனவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள்: எச்.சி.ஐ.யில் (மனித–கணினி இடைவினையில்) சொந்தமாக ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டால் எங்கள் பிள்ளைகள் கொண்டுவருவது பெரும்பாலும் இவைதான்: பஸ் வரும் நேரம் காட்டும் செயலி, சுன்னாகம் சந்தையில் மரக்கறி விலை சொல்லும் செயலி, நல்லூர்த் திருவிழாவுக்கு வழிகாட்டும் செயலி. செய்யக்கூடாத வேலை என்று சொல்லமாட்டேன். பஸ் நேரம் தெரிந்தால் எனக்கும் நல்லதுதான். ஆனால் அது மென்பொருள் வேலை. மனிதரும் கணினியும் இனி எப்படிச் சேர்ந்து வாழப் போகிறார்கள் என்று யோசிக்க அதில் இடமில்லை.

கொழும்பில் ஒரு நிறுவனத்தில் திரை வடிவமைத்துக்கொண்டிருந்த நான், ஊருக்குத் திரும்பி, இப்போது கொக்குவிலில் இருந்தபடி மனித–கணினி இடைவினை படிப்பிக்கிறேன். என்னிடம் வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் காட்டும் வழி ஒன்றே ஒன்று. பழைய, பெரிய கனவு ஒன்றை எடுங்கள். அதை எங்கள் வீடொன்றில் கொண்டுவந்து வையுங்கள். எங்கே அது உடைகிறதோ அங்கே உங்கள் ஆய்வு தொடங்குகிறது.

முதலில் கனவை முழுதாகப் படியுங்கள்

டக்ளஸ் எங்கெல்பார்ட் என்றால் மவுசைக் கண்டுபிடித்தவர் என்று பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பீர்கள். 1962இல் அவர் எழுதிய அறிக்கையை எடுத்துப் பாருங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிக்கலான பிரச்சினைகளை மனிதர்கள் கூட்டாகக் கையாளும் ஆற்றலை எப்படிக் கூட்டுவது என்பதுதான் அவர் பிடித்த பிடி. மவுஸ் அந்த வழியில் கிடைத்த சின்னச் சாமான். திரையில் ஒரு சொல்லைச் சுட்டுவதற்கு ஒளிப்பேனா, ஜோய்ஸ்டிக் என்று பலதையும் அவருடைய குழு ஒப்பிட்டுப் பார்த்தது. மேசைக்குக் கீழே முழங்காலால் அசைக்கும் கருவிகூட அந்த வரிசையில் இருந்தது. 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ மேடையில் அவர் காட்டிய ஒன்றரை மணிநேர டெமோவில், தூரத்திலிருந்த சகாவோடு முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டே ஒரே ஆவணத்தில் வேலை செய்தார். அறிக்கைக்கும் மேடைக்கும் இடையில் ஆறு வருடம். இந்தக் கணக்கை உங்கள் வீட்டாருக்கும் ஒருதரம் சொல்லிவைப்பது நல்லது.

அதோடு இன்னும் இரண்டைப் படியுங்கள். அலன் கே 1972இல் டைனாபுக் பற்றி எழுதியது ஒன்று: ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தூக்கித் திரியக்கூடிய ஒரு கணினி. மற்றது மார்க் வைசர் 1991இல் எழுதியது: கணினிகள் அறை முழுக்கப் பரவி, இருப்பதே தெரியாமல் பின்னணியில் மறைந்துவிடும் என்றார். சுருக்கங்களை வாசிக்காதீர்கள். மூலத்தை வாசிக்கும்போதுதான், எழுதியவர் சொல்லாமலே நம்பிக்கொண்டிருந்தவை கண்ணில் படும்.

அலன் கேயின் கணினி ஒருவருக்கு ஒன்று. கொரோனாக் காலத்தில் இங்கே அக்கா, தம்பி, தங்கச்சி மூன்று பேரின் ஸூம் வகுப்பும் அப்பாவின் ஒரே போனில் நடந்தது. வைசரின் அறையில் மின்சாரம் நிற்பதே இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது, மறைந்திருக்க வேண்டிய கணினியெல்லாம் எங்கள் வீட்டில் நன்றாகவே கண்ணுக்குத் தெரிந்தது. தொடுதிரை உலர்ந்த, மெத்தென்ற விரலை எதிர்பார்க்கிறது. குருநகர்க் கரையில் வலை இழுத்து வந்த ஈரக்கை அதற்குப் புரியாது. காய்ப்பேறிய விரல்களின் ரேகை தேய்ந்திருப்பதால் ரேகைப்பூட்டும் சிலருக்குத் திறக்காது. இதையெல்லாம் எங்கள் ஊரின் குறைபாடு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கனவுக்குள் ஒளிந்திருந்த நம்பிக்கை வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

இப்படி ஒருவர் ஏற்கெனவே செய்திருக்கிறார், அதுவும் எங்கள் ஆள். 1886இல் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போய், தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்த இரா. முத்தையா. ஆங்கிலத் தட்டச்சுப்பொறியில் ஒரு விசையை அடித்தால் எழுத்து விழும், தாளைத் தாங்கும் வண்டி ஓரிடம் நகரும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் என்ற நம்பிக்கை அந்த இரும்புக்குள்ளேயே இருந்தது. தமிழில் விசிறி (ி, ீ) போன்ற குறிகள் எழுத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் அச்சுப் பதித்தும் வண்டியை நகர்த்தாத விசைகளை வைத்தார். தமிழை இயந்திரத்துக்கு ஏற்றமாதிரி வெட்டியிருக்கலாம். அவர் இயந்திரத்தின் நம்பிக்கையை மாற்றினார். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் செய்த முதல் ஆய்வு அதுதான்.

முறைப்பாடு இல்லாத இடத்தில் தேடுங்கள்

"உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு போகாதீர்கள். நிவாரணம் பதிய வந்தவர்கள் என்று நினைத்து ரோட்டையும் தண்ணீரையும் பற்றிச் சொல்வார்கள். நான் கேட்கச் சொல்கிற கேள்வி வேறு: "இதைச் செய்ய யாரைக் கூப்பிடுவீர்கள்?"

என் மாணவி ஒருத்தி கோண்டாவிலில் எழுபது தாண்டிய ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டாள். மகள் ரொறன்ரோவில், மகன் பாரிசில். இருவரும் வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார்கள். புதிதாக வந்ததை அம்மா தானே தட்டிக் கேட்பார். போன கிழமை வந்ததைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால், பின்னேரம் ரியூசன் முடிந்து வரும் பக்கத்து வீட்டுப் பெடியன்தான் தேடிப் போட வேண்டும். குரல் செய்திகள் எல்லாம் திரையில் ஒரே மாதிரியான கோடுகள். எது பேரன் பாடினது, எது காசு அனுப்பினதைச் சொன்னது என்று பார்வைக்குத் தெரியாது. அம்மாவுக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. பெடியன் வருவான்தானே.

இந்த இடத்துக்குப் பொருத்தமான பழைய கனவு ஒன்று இருக்கிறது. 1992இல் லண்டன் றோயல் கொலேஜ் ஒவ் ஆர்ட்டில் படித்துக்கொண்டிருந்த டரல் பிஷப், தொலைபேசிச் செய்திகளைக் கோலிக்குண்டுகளாக்கும் ஒரு பதிலளிக்கும் இயந்திரத்தை (ஆளில்லாதபோது அழைத்தவரின் குரலைப் பதிந்துவைப்பது) வடிவமைத்தார். செய்தி வந்தால் குண்டொன்று உருண்டு வரும். எடுத்துக் குழியில் வைத்தால் குரல் கேட்கும், வேறிடத்தில் வைத்தால் பேசினவருக்கே அழைப்புப் போகும். ஹிரோஷி இஷியும் பிரிக் உல்மரும் 1997இல் தொட்டுணரும் இடைமுகங்கள் (கையால் எடுத்து வைக்கும் பொருள்களால் கணினியை இயக்குவது) பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

இதைக் கண்டதும் மாணவிக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏற்கெனவே செய்துவிட்டார்கள், மிஸ்." எல்லாரும் இங்கேதான் தலைப்பை மாற்ற ஓடுவார்கள். ஓடாதீர்கள். முன்னோடி ஒருவர் கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. அவருடையதை அப்படியே செய்து அந்த வீட்டில் வையுங்கள்.

குண்டுக்குப் பதிலாக நாங்கள் சோகி எடுத்தோம், தாயம் விளையாடும் சோகி. கருவி எதுவும் கட்டவில்லை. ஒரு தட்டு, சில சோகிகள், தட்டுக்குக் கீழே ஒரு புளூடூத் ஸ்பீக்கர். குசினிக்குள் போனோடு ஒரு பெடியன் ஒளிந்திருந்து, அம்மா எந்தச் சோகியை வைக்கிறார் என்று கதவிடுக்கால் பார்த்து, அதற்குரிய குரலைப் போட்டான். இது குறுக்குவழி என்று கூச்சப்பட வேண்டாம். பேசினால் தானே தட்டச்சுச் செய்யும் இயந்திரத்தை 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் இப்படித்தான் சோதித்தார்கள். அடுத்த அறையில் ஒரு தட்டச்சாளர் இருந்தார். பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியைச் செய்த ஜெஃப் ஹோக்கின்ஸ், கருவி வருவதற்கு முன் அதே அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

பிஷப்பின் கனவு அந்த விறாந்தையில் வடிவாக உடைந்தது. பதிலளிக்கும் இயந்திரத்தில் வந்த செய்தி, கேட்டால் முடிந்தது. அம்மாவுக்கு அது அதோடு முடியவில்லை. பேரன் பாடின சோகியை அவர் தட்டுக்குத் திருப்பித் தரவே இல்லை, முந்தானையில் முடிந்துகொண்டார். இன்னொன்றைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்கக் கொடுத்துவிட்டார். செய்தி அனுப்பிய மகளுக்கு அதில் சம்மதமா? பிஷப்பின் இயந்திரத்தில் அந்தக் கேள்வி எழவே வாய்ப்பில்லை. பிறகு மகளின் சோகியையும் மகனின் சோகியையும் ஒன்றாகத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். குசினிக்குள் இருந்த பெடியனுக்கு எதைப் போடுவதென்று தெரியவில்லை. அம்மா கேட்டார்: "ரெண்டு பேரும் தங்களுக்கை கதைக்க மாட்டினமோ?"

இப்படி ஒரு வசனம் கிடைத்தால் உடனே நோட்டில் எழுதுங்கள், திகதியோடு. பதிவான குரல்கள் ஒரு வீட்டில் எப்படிச் சேர்ந்திருக்கும், யாருக்குச் சொந்தம், அனுப்பியவர் இல்லாமல் போனால் என்ன ஆகும்: பத்து வருடத்துக்குப் போதுமான கேள்வி அது. இப்போதுள்ள செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இரண்டு பிள்ளைகளின் குரலையும் போலிசெய்து உரையாட விடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம். நான் மேற்பார்வை செய்யும் ஆய்வில் விடமாட்டேன். அம்மா கேட்டது பிள்ளைகள் கதைப்பதை. இயந்திரம் கதைப்பதை இல்லை.

அனுமதி

கையெழுத்துத் தாளை நீட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். பெயர் பதிந்ததற்கும் கையெழுத்து வைத்ததற்கும் எங்கள் சனத்துக்கு வேறு நினைவுகள் இருக்கின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் சம்மதத்தை வாய்மொழியாகப் பெற்றுப் பதிவுசெய்யும் வழியையும் அந்த விண்ணப்பத்திலேயே கேளுங்கள். வீட்டார் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். குசினிக்குள் ஆள் இருந்ததை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் காணாமற்போனவர் யாரும் இருந்தால் குரலைப் பற்றிய ஆய்வை அங்கே கொண்டுபோகாதீர்கள். உங்கள் பட்டத்துக்காகத் திறக்கிற கதவு இல்லை அது.

கட்டுவதும் விட்டுவைப்பதும்

குசினிக்குள் ஆளை வைத்து ஆடிய நாடகம் கேள்வியைத் தந்த பிறகுதான் மின்சுற்று. சோகியின் அடியில் ஒரு சின்ன என்.எஃப்.சி. ஒட்டி (கிட்டக் கொண்டுபோனாலே வாசிக்கக்கூடிய ஸ்டிக்கர்), தட்டுக்குக் கீழே அதை வாசிக்கும் ஆர்.சி. 522 வாசிப்பான், எல்லாவற்றையும் இயக்கும் சின்னக் கணினியாக ஓர் ஈ.எஸ்.பி. 32, மெமரி கார்டிலிருந்து ஒலி எழுப்பும் சின்ன எம்.பி.3 பலகை. விலை அதிகமில்லை, கொழும்பிலிருந்து தபாலில் எடுக்கலாம். பித்தளைத் தட்டு வடிவாக இருக்கும், ஆனால் உலோகம் குறுக்கே வந்தால் வாசிப்பானுக்கு ஒட்டி தெரியாது. பனையோலைத் தட்டில் வையுங்கள். ஒட்டி சிறுக்கச் சிறுக்க வாசிக்கும் தூரமும் குறையும். கருவி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவென்றால் சில பவர் பாங்குகள் தாங்களாகவே அணைந்துவிடும், வாங்கும்போதே சோதியுங்கள். இணையம் வேண்டாம். குரல் வீட்டைவிட்டு வெளியே போகாது என்பதை அப்போதுதான் மனச்சாட்சியோடு சொல்லலாம்.

முடிந்ததும் வகுப்புத் தோழர்களைக் கூப்பிட்டு, பத்துக் கேள்வி கொண்ட பயன்பாட்டு அளவுகோலில் புள்ளி போடவைத்து, 100க்கு இத்தனை என்று அட்டவணை போடுவதுதான் வழக்கம். புதிதாகப் பிறந்த யோசனையை அப்படி அளப்பது அதைக் கொல்லும் என்று சோல் கிரீன்பேர்க்கும் பில் பக்ஸ்ரனும் 2008இலேயே எழுதிவிட்டார்கள். மேற்பார்வையாளர் புள்ளி கேட்டால் அந்தக் கட்டுரையைப் பணிவாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, கருவியை வீட்டில் விட்டுவிட்டு வருவது. முதல் கிழமை எல்லாரும் ஆசையாகத்தான் தொடுவார்கள். புதினம் தீர்ந்த பிறகு என்ன நடக்கிறது? எது தூசி பிடிக்கிறது, எது சாமியறைக்குப் போகிறது, எதைப் பிள்ளைகள் விளையாட எடுத்துப் போனார்கள்? தேத்தண்ணி குடிக்கப் போகிற மாதிரிப் போய் இருந்து பாருங்கள்.

எழுதும்போது "வளம் குறைந்த பிரதேசத்தில்" என்று மட்டும் தொடங்க வேண்டாம். அந்தச் சொல்லைக் கண்டதும் வாசிப்பவர் இரக்கத்தோடு வாசிக்கத் தொடங்குவார். அது நிராகரிப்பைவிட மோசம். ஒரு கருவியைப் பலர் பகிரும் வீடுகளில், குரல் செய்தி பொருளாக மாறும்போது என்ன நடக்கிறது என்று நேரடியாகச் சொல்லுங்கள். அது ஒஸ்லோவுக்கும் பொருந்தும், வவுனியாவுக்கும் பொருந்தும். இந்தத் துறையின் பெரிய மாநாடான சி.எச்.ஐ.க்கு முழுக் கட்டுரை அனுப்புவதை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொண்டு, தொட்டுணரும் இடைமுகங்களுக்கென்றே நடக்கும் ரி.ஈ.ஐ. மாநாட்டைப் பாருங்கள். கட்டுரையோடு ஒரு சின்ன வீடியோவும் எடுங்கள். அதில் முகம் வேண்டாம், கையும் சோகியும் தட்டும் போதும். விசா கிடைக்காவிட்டால் உங்களுக்காகப் பேசப்போவது அந்த வீடியோதான்.

கருவியைத் திருப்பி எடுக்கும் நாளை முதல்நாளே வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். எடுக்கும்போது குரல்கள் எல்லாவற்றையும் பெயர் போட்டு அவர்களுடைய போனில் ஏற்றிக் கொடுத்து, உங்களிடமுள்ள பிரதியை அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள். தட்டை வைத்திருக்கட்டுமா என்று கேட்டால், பழுதானால் யார் திருத்துவது என்று பேசி முடித்துவிட்டுக் கொடுங்கள்.