சித்தன்னவாசலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சித்தன்னவாசலைப் பள்ளிச் சுற்றுலாவுக்குத் தேர்ந்தெடுக்க யாரும் அதிகம் யோசிப்பதில்லை. மலையின் உயரம் ஏறத்தாழ 200 அடிதான்; அடிவாரம் வரை பேருந்து செல்கிறது; பாடப்புத்தகத்தில் படித்த ஓவியத்தையும் சமணர் படுக்கைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இந்த எளிமைதான் பல பள்ளிகளை ஏமாற்றிவிடுகிறது. பேருந்தில் எத்தனை இருக்கைகள், மதிய உணவு எங்கே என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால் திட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் கிளைக்கின்றன. இங்கே முதலில் கணக்கிட வேண்டியது, குகைக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்க முடியும் என்பதைத்தான்.

மலையின் மேற்குச் சரிவில் குடையப்பட்டுள்ள சமணக் கோயிலான அறிவர் கோயிலின் அர்த்த மண்டபம், அதாவது கருவறைக்கு முன்னுள்ள மண்டபம், ஏறத்தாழ 22 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்டது. அதை அடுத்து உள்ளே இருக்கும் கருவறையின் பக்கம் 10 அடியைக்கூட எட்டாது. ஐம்பது, அறுபது மாணவர்களை ஒரே வரிசையில் உள்ளே அனுப்பி மறுபக்கம் வெளியே கொண்டுவர முடியாது. நுழையும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றே. வரிசையில் வரும் பிள்ளை முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துவிட்டு, பின்னால் இருப்பவர் நெருக்குவதால் விதானத்தை அண்ணாந்தும் பார்க்காமல் வெளியே வந்துவிடுகிறது. அறுபது பேரைப் பன்னிரண்டு பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால், இந்தக் கோயிலுக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் மற்ற நான்கு குழுக்களும் என்ன செய்யும் என்பதற்கான விடை, பேருந்து புறப்படுவதற்கு முன்பே ஆசிரியர்களிடம் இருக்க வேண்டும். வெளியே பாறையில் உள்ள கல்வெட்டைப் பார்ப்பது, முகப்பை வரைவது, நிழலில் அமர்ந்து தண்ணீர் குடிப்பது என்று மூன்று வேலைகளைச் சுழற்சி முறையில் வைத்துக்கொண்டால் போதுமானது. நேரம் போதவில்லை என்றால் மாணவர் எண்ணிக்கையைக் குறைப்பதோ இரண்டு நாள்களாகப் பிரிப்பதோதான் நேர்மையான தீர்வு.

எதைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லாமலேயே அழைத்துச் செல்வதும் இதே அளவுக்குப் பெரிய தவறு. "தென்னிந்தியாவின் அஜந்தா" என்று வகுப்பில் சொல்லிவிட்டால், பிள்ளைகள் சுவர் முழுவதும் வண்ணம் நிறைந்த மண்டபத்தை எதிர்பார்த்து வருவார்கள். எஞ்சியிருப்பதில் முக்கியமானது விதானத்தில் உள்ள தாமரைக் குளமும் தூண்களில் உள்ள ஆடல் மகளிர் உருவங்களும்தான். அவையும் பல இடங்களில் சிதைந்தும் மங்கியும் உள்ளன. கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் முதல் நாளே தெளிவான புகைப்படங்களைக் காட்டி, குளத்தில் மீன் எங்கே, அன்னம் எங்கே, யானையும் எருமையும் எங்கே, தாமரை பறிப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தேடும் வேலையைக் கொடுத்துவிட வேண்டும். சிற்பங்களுக்கும் அப்படியே: கருவறையின் பின்சுவரில் உள்ள மூன்று உருவங்களில் இரண்டின் தலைக்கு மேல் முக்குடையும் ஒன்றின் மேல் ஒற்றைக் குடையும் இருக்கின்றன, முன்னவை சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள், பின்னது சமண ஆசிரியரான ஆசாரியர். குடையை எண்ணச் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். அர்த்த மண்டபத்தின் தென்புறம் ஐந்தலை நாகத்தின் கீழ் அமர்ந்திருப்பவர் தீர்த்தங்கரரான பார்சுவநாதர் என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

வரலாற்றைத் தவறாகச் சொல்லிக்கொடுப்பதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. இந்தக் குடைவரையையும் ஓவியங்களையும் ஏழாம் நூற்றாண்டின் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மனுடையவை என்று ஒரு காலத்தில் கருதினார்கள். பழைய நூல்கள் வழியாக அது இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. மண்டபத்தை ஒட்டிய பாறையில் உள்ள தமிழ்ப் பாடல் கல்வெட்டோ, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து அதன் முன்னால் முகமண்டபம் எடுப்பித்ததாகச் சொல்கிறது. இன்று முன்னால் தெரியும் தூண் வரிசை அந்த முகமண்டபமும் அன்று. அது இருபதாம் நூற்றாண்டில் அருகிலுள்ள குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து அமைத்தது. இதை அறியாத மாணவர் முகப்பைப் பழமையானது என்று வரைந்து வந்தால் அதில் அவர் தவறு ஏதுமில்லை.

ஏழடிப்பட்டமும் அறிவர் கோயிலும் அடுத்தடுத்து உள்ளவை என்று நினைத்துக்கொண்டு நேரம் ஒதுக்குவது மற்றொரு தவறு. ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகை மலையின் கிழக்கு முகத்தில், பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அதற்குத் தனியாகப் படியேற வேண்டும். அங்கே பளபளப்பாக இழைக்கப்பட்ட பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. தலை வைக்கும் பக்கம் மட்டும் தலையணைபோல் சற்று உயர்ந்திருக்கும். ஒரு படுக்கையின் அருகே, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி என்னும் பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டில், எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காகச் சிறுபாவில் இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்த செய்தி இருக்கிறது. பிற்காலத் தமிழ் எழுத்துகளில் துறவிகளின் பெயர்களும் உண்டு. குகையின் கூரை தாழ்வானது. போகும் பாதை குறுகலானது. எனவே இங்கும் சிறு குழுக்களாகவே செல்ல வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஓர் ஆசிரியரும் கடைசியில் ஓர் ஆசிரியரும் இருக்க வேண்டும். மேலே ஒரு குழு இருக்கும்போது அடுத்த குழு ஏறத் தொடங்கக் கூடாது. கம்பித் தடுப்பில் சாய்ந்து படம் எடுப்பதை ஏறுவதற்கு முன்பே தடை செய்துவிடுவது நல்லது, மேலே போனபின் சொன்னால் யார் காதிலும் விழாது.

வெறும் பாறை மலை என்பதால் வெயில் இங்கே இரண்டு பங்காகத் தாக்கும். காலையில் அருங்காட்சியகம், பதினோரு மணிக்குப் பூங்கா, சாப்பாட்டுக்குப் பிறகு மலை என்று வரிசைப்படுத்துவது வசதிபோல் தோன்றும். ஆனால் பாறை நன்றாகச் சூடேறிய பிறகு வயிறு நிறைந்த பிள்ளைகளை ஏற்றுவதாகிவிடும். ஏழடிப்பட்டத்தை முதலில் முடித்துவிட்டுக் கீழே இறங்கிச் சாப்பிடுவதே சரி. மேற்கு நோக்கிய அறிவர் கோயிலைப் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டால் உள்ளே வெளிச்சமும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களை விட்டுவிடலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரப்பாறை வழுக்கும், இடி மின்னலின்போது மொட்டைப் பாறையில் ஒதுங்க இடமும் கிடையாது. சனவரி, பிப்ரவரி மாதங்கள் உகந்தவை. பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளைத் தவிர்த்து ஏழு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளை அழைத்துச் சென்றால் யாருக்கும் பதற்றம் இராது. அடி தேய்ந்த ரப்பர் செருப்புடன் எந்தப் பிள்ளையையும் மலை ஏற்ற வேண்டாம். கழிவறைக்குக் கீழேயே சென்று வரச் செய்துவிட்டு ஏறுவது, குறிப்பாக மாணவியர் உள்ள குழுவில், மறக்கக் கூடாத ஒன்று.

ஆஸ்துமா உள்ளவர்கள், நடக்க இயலாதவர்கள், அன்று உடல்நிலை சரியில்லாதவர்கள் ஆகியோரைப் "பேருந்திலேயே உட்காருங்கள்" என்று விட்டுவிடுவதைத் தவறு என்பதைவிடக் கடுமையான சொல்லால்தான் குறிக்க வேண்டும். அவர்களுடன் ஓர் ஆசிரியரை நிறுத்தி, அவர்களுக்கென்று ஒரு பார்வையிடலைத் திட்டமிட வேண்டும். புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் அனைவரும் ஒன்றாகப் பார்க்கக்கூடிய இடம். அதை நிரலில் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, நார்த்தாமலை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கினால், பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது பேருந்துப் பயணம் மட்டுமே.

சித்தன்னவாசல் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாறையில் பெயர் கீறினால் நினைவுச்சின்னச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு என்பதை மாணவர்களிடம் சொல்லிவிடலாம். ஆனால் தீங்கு மாணவர்களால் மட்டும் வருவதில்லை. கல்வெட்டு எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அதன் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பவர்களில் ஆர்வமுள்ள ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. எழுத்தின் நகலைத் தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடலாம். ஓவியத்தின் அருகே பிளாஷ் வேண்டாம், தொடவும் வேண்டாம். கருவறைக்குள் மெல்ல "ம்" என்று முனகினால் அறை முழுவதும் அதிரும்; குழுவுக்கு ஒருவரை மட்டும் முனகச் சொல்லி மற்றவர்கள் கேட்கட்டும், எல்லாரும் சேர்ந்து கத்தினால் அந்த அதிர்வு யாருக்கும் கேட்காது.

பாறை இடுக்குகளில் தேனடை தென்பட்டால் கல் எறிவதும் அருகே புகை உண்டாக்குவதும் மொத்தக் குழுவையும் ஆபத்தில் தள்ளிவிடும். ஏறும் முன் அங்குள்ள காவலரிடம் தேனடையைப் பற்றியும், குகைகள் திறந்திருக்கின்றனவா என்பதைப் பற்றியும் விசாரித்துக்கொள்ள வேண்டும். கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றுடன், பிறந்த தேதியோடு கூடிய மாணவர் பட்டியலைப் பள்ளியின் முத்திரையுடன் எடுத்துச் சென்றால் நுழைவுச்சீட்டு வாங்குமிடத்தில் வீண் பேச்சு இராது. தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதே பட்டியலை வைத்துத்தான் ஒவ்வோர் இடத்திலும் பெயர் சொல்லி எண்ண வேண்டும்: ஏழடிப்பட்டத்திலிருந்து இறங்கியதும் ஒரு முறை, அறிவர் கோயிலில் ஒரு முறை, அடிவாரப் பூங்காவுக்குள் பிள்ளைகளை விடும் முன் ஒரு முறை, பேருந்து கிளம்பும் முன் மீண்டும் ஒரு முறை.