வைன் விப்: கேஎல்சிசியில் வெயில் பார்த்து அடியுங்கள்

போக்கிமான் கோ கைபேசி விளையாட்டில் வீனசார் என்ற போக்கிமானின் கொடிச்சாட்டையான வைன் விப், வேகத் தாக்குதல்; தனியே எதிரியைப் பெரிதாகச் சாய்க்காது. ஆற்றல் நிரம்பியதும் அடிக்கும் பலமான சார்ஜ் தாக்குதலுக்கு ஆற்றல் சேர்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. அதற்குப் பதில் ரேசர் லீஃப் இருந்தால் ஃபாஸ்ட் டிஎம் (வேகத் தாக்குதலை மாற்றும் பொருள்) போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கூடவே ஃப்ரென்சி பிளான்ட் என்ற சார்ஜ் தாக்குதல் வேண்டும். சாதாரண சார்ஜ் டிஎம் அதைத் தராது, எலைட் சார்ஜ் டிஎம் தரும். கண்ட தாக்குதலுக்கு அந்த எலைட் டிஎம்மை வீணாக்காதீர்கள்.

இனி கணக்கு. வைன் விப் போலவே வீனசாரும் புல் வகை என்பதால் அடி 1.2 மடங்கு. எதிரி நீர், நிலம், பாறை வகையாக இருந்தால் மேலும் 1.6 மடங்கு. சுவாம்பெர்ட், ரைபீரியர் என்ற போக்கிமான்கள் இரண்டுக்கும் இரட்டைப் பலவீனம், அங்கே 2.56 மடங்கு. ரெய்டில் (பலர் சேர்ந்து ஒரு பலமான போக்கிமானை எதிர்க்கும் சண்டை) வெயிலடித்தால் இன்னொரு 1.2 மடங்கு.

கோலாலம்பூரில் சிக்கலே இங்குதான். மதியத்துக்குமேல் மழை பிடித்தால் அந்தக் கூடுதல் போய்விடும், நீர் வகை எதிரிக்கோ பலம் ஏறும். அதனால் நகர மையத்திலுள்ள கேஎல்சிசி பூங்கா ரெய்டுகளுக்குக் காலையிலேயே போங்கள். ஆட்டம் காட்டும் வானிலைக் குறியைத்தான் நம்ப வேண்டும், தலைக்கு மேலிருக்கும் வானத்தை அல்ல.

சாரிசார்டு என்ற போக்கிமான் எதிரே வந்தால் சாட்டையை மடக்கி வையுங்கள். அதன் நெருப்பு வகையும் பறக்கும் வகையும் சேர்ந்து அடியை 0.39 மடங்காக்கிவிடும்.