நாடாளுமன்றக் குழு எப்போது கூடுகிறது? மாமாவுக்காகத் தேடிக் கற்றுக்கொண்டது

கோலாலம்பூர் செந்தூலில் மாமாவுக்கு ஒரு மளிகைக்கடை, கல்லாவுக்குப் பின்னால் சிகரெட் அடுக்கு. 2023 ஜூனில் புகைப்பொருள் கட்டுப்பாட்டு மசோதா மலேசிய மக்களவைக்கு வந்து, அங்கிருந்து சுகாதாரத்துக்கான சிறப்புத் தேர்வுக் குழுவுக்குப் போனது. பத்திரிகையில் அதைப் படித்தவர், "தம்பி, அந்தக் கமிட்டி என்னைக்குக் கூடுதுன்னு பார்த்துச் சொல்லுப்பா" என்று என் தலையில் கட்டிவிட்டார். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். நவம்பர் வரை இழுத்தது, நடுவில் ஒரு நாள் அவரை வீணாக உட்கார வைத்தும் விட்டேன். உங்களுக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: தக்விம்

நாடாளுமன்ற இணையத்தளத்தில் மக்களவைக்கு, அதாவது டேவான் ராக்யாட்டுக்கு, தனியாகத் தக்விம், அதாவது கூட்ட நாட்காட்டி, இருக்கிறது. வழக்கமாக ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர்கள்: ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை போகும் பட்ஜெட் தொடர் ஒன்று. திங்கள் முதல் வியாழன் வரை, காலை 10 மணிக்கு. இதைக் கைப்பேசி நாட்காட்டியில் முழுநாள் குறிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். நேரம் எல்லாம் போடாதீர்கள், ஏன் என்று கீழே வருகிறது.

இரண்டாவது படி: அன்றைய நிகழ்ச்சி நிரல்

இதற்குப் பெயர் அத்துரான் உருசான் மெசுவாராட். பிடிஎஃப் கோப்பாக வரும். தயவுசெய்து இதைக் கைப்பேசியில் திறந்து பெருவிரலால் தள்ளித் தள்ளிப் படிக்காதீர்கள். மடிக்கணினியில் திறந்து கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடினால் இரண்டு நிமிடம்.

தேடுவதற்கு முன் ஒன்று. 'பில்' என்று தேடி ஏமாந்தவன் நான். மலாயில் அந்தச் சுருக்கம் 'பிலாங்கான்', வெறும் எண். சட்ட மசோதாவுக்கு 'ரங் உண்டாங்-உண்டாங்' என்றுதான் போட்டிருப்பார்கள். மசோதாவின் பெயரும் மாறலாம். இதே மசோதா 2022-இல் 'தெம்பாக்காவ்' (புகையிலை) என்ற சொல்லோடு வந்தது. 2023-இல் அந்தச் சொல் போய் 'ப்ரோடுக் மெரோக்கோக் டெமி கெசிஹாத்தான் ஆவாம்' என்று ஆகிவிட்டது. பழைய பெயரை வைத்துத் தேடினால் பழைய சங்கதிதான் வரும். 'மெரோக்கோக்' (புகைப்பது) என்ற ஒரு சொல் போதும்.

மூன்றாவது படி: நான் வழுக்கி விழுந்த இடம்

நவம்பரில் ஒரு நாள் நிரலில் 'ஜவாத்தான்குவாசா' என்று இருந்தது. பக்கத்திலேயே சுகாதார அமைச்சின் பெயர், பி.42 என்ற எண். சுகாதாரம், குழு, இரண்டும் ஒரே வரியில்! உடனே மாமாவுக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன். மனிதர் பகல் வியாபாரத்தை அத்தையிடம் விட்டுவிட்டு, அரிசி மூட்டைமேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, நேரலை பார்க்க உட்கார்ந்தார். கிளினிக் பற்றிப் பேசினார்கள், ஆம்புலன்ஸ் பற்றிப் பேசினார்கள், மருத்துவர் பற்றாக்குறை பற்றிப் பேசினார்கள். சிகரெட் என்ற பேச்சே வரவில்லை. சாயங்காலம் எனக்கு அழைத்து, "ஏம்பா, இது வேற கமிட்டியா?" என்றார்.

வேறு கமிட்டிதான். ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒரு மசோதா இரண்டாம் வாசிப்பைத் தாண்டியதும் மொத்த மக்களவையே குழுவாக உருமாறி அதை உட்பிரிவு உட்பிரிவாகப் பார்க்கும். 222 பேரும் அதே நாற்காலியில்தான் இருப்பார்கள், அன்றைக்கு அதன் பெயர் மட்டும் குழு. பட்ஜெட் மசோதாவில் இது அமைச்சு வாரியாக நாள்கணக்கில் ஓடும். பி.42 என்பது சுகாதார அமைச்சின் செலவுத் தலைப்பு எண். அவையில் பேசியதன் பதிவான ஹன்சார்டில் 'மஜ்லிஸ் பெர்சிடாங் டாலாம் ஜவாத்தான்குவாசா' என்று வந்தால் இந்த வகை என்று புரிந்துகொள்ளுங்கள்.

மாமாவுக்கு வேண்டியது 'ஜவாத்தான்குவாசா பிலிஹான் காஸ்'. சில உறுப்பினர்கள் மட்டும் தனி அறையில் கூடி, அதிகாரிகளையும் நிபுணர்களையும் வரவழைத்துக் கேட்பது. 'பிலிஹான்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அரிசி மூட்டைமேல் கைப்பேசியைச் சாய்க்க வேண்டாம்.

நான்காவது படி: எந்த நாளுக்குக் காத்திருப்பது

சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, தேர்வுக் குழு விசாரணைகளைப் பொதுவாக நாம் நேரலையில் பார்க்க முடியாது. பொதுக் கணக்குக் குழுவும் அப்படித்தான், கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். நிருபர்கள் வெளியே நிற்பார்கள், முடிந்ததும் தலைவர் வந்து நாலு வார்த்தை சொல்வார். மக்களவை கூடாத வாரங்களிலும் இவை கூடும், அதனால் தக்விமை மட்டும் பார்த்தால் பிடிபடாது. நான் செய்வது இதுதான்: குழு உறுப்பினர் பட்டியல் இணையத்தளத்தில் இருக்கும், அதில் நம் பக்கத்துத் தொகுதிக்காரர் யாராவது இருக்கிறாரா என்று பார்த்து அவருடைய சேவை மையத்தில் கேட்பேன். மக்கள் கருத்து கேட்கிறார்களா, மனு கொடுக்கலாமா என்பதற்கும் இதுதான் நேர்வழி.

மற்றபடி கண் வைக்க வேண்டியது குழுவின் அறிக்கை தாக்கலாகும் நாள்மேல். அதற்குப் பெயர் 'பெஞ்ஞாத்தா'. பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை என்றால் பின்னிணைப்பைத் திறக்காமல் விடாதீர்கள், மூடிய அறையில் நடந்த கேள்வி பதில் அப்படியே இருக்கும். 2022 ஆகஸ்டில் கடற்படைக் கப்பல் விவகார அறிக்கை வந்ததே, ஆறு கப்பல்களுக்கு 900 கோடி ரிங்கிட் ஒப்பந்தம், 608 கோடி கொடுத்தாயிற்று, ஒரு கப்பல்கூட வரவில்லை என்று. செய்தியில் எண்கள்தான் வந்தன. யார் யாரைக் கேட்டார், யார் மழுப்பினார் என்பதைப் படிக்கப் பின்னிணைப்புதான்.

நேரம் போடாதீர்கள் என்றேன் இல்லையா? நிரலில் உள்ள வரிசை அன்றைக்குள் முடியும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. 'வக்து மெசுவாராட் டான் உருசான் டிபேபாஸ்கான்' என்று ஒரு தீர்மானம் வரும், அன்றைய அமர்வை எதுவரை நீட்டுவது, அடுத்தது என்றைக்கு என்பது அதிலேயே இருக்கும். நேரலை பார்க்கும்போது அந்த ஒரு நிமிடத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், மாலைக்குத் திட்டம் போட அது போதும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், கூகுளில் தேடினால் விசாரணைக்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்று போட்டிருக்கிறதே என்று கேட்டிருந்தார். அது அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை விதி. அங்கே பெரும்பாலான விசாரணைகள் எல்லோரும் பார்க்கும்படி நடக்கும். பார்க்க ஆசை என்றால் வாஷிங்டனில் காலை 10 மணி நமக்கு இரவு 10, அவர்களுடைய குளிர்காலத்தில் இரவு 11.

இன்னொன்று

நாடாளுமன்றம் கலைந்தால் குழுவும் அதன் கையில் இருந்த வேலையும் போச்சு. 2022 மசோதாவுக்கு அதுதான் நடந்தது, அக்டோபர் 10-ஆம் தேதி கலைப்பு. தேர்தல் வாடை அடித்தால் பழைய குறிப்புகளை நாட்காட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மாமா கதை? ஜூனில் வந்த மசோதாவை நவம்பரில் திரும்பப் பெற்று, 2007 முதல் பிறந்தவர்கள் புகைப்பதற்கான தடையை எடுத்துவிட்டுப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 30, வியாழக்கிழமை, மக்களவையில் நிறைவேறியது. அன்றைய ஹன்சார்டை வேண்டுமென்றால் தேதியை வைத்துத் தேடுங்கள், நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில்தான் கோப்பின் பெயர் இருக்கும். நான் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுக்கை எடுக்கணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு" என்றார்.